விட்டதைப் பிடித்தல்: ஒரு நோயும் அதற்கு வாய்க்காத சொற்களும்

பணம் வைத்து ஆடித் தோற்ற தமிழர் ‘இழந்தேன்’ என்று சொல்வது அரிது. ‘விட்டேன்’ என்பதே வழக்கு. அதைத் தொடர்ந்து ‘விட்டதைப் பிடித்துவிடுவேன்’ என்பார். இழந்தது போயிற்று என்று பொருள்படும். விட்டதோ எங்கோ அருகில் இருக்கிறது, முயன்றால் அகப்படும் என்னும் தொனியைத் தருகிறது. இந்த வினைச்சொல்லுக்குள் ஒரு நோயின் முக்கியமான அறிகுறி அடங்கியிருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடு சூதாட்டக் கோளாற்றுக்கு வகுத்துள்ள ஒன்பது அறிகுறிகளுள் ஒன்று, தோற்ற பணத்தை மீட்பதற்காகவே மறுபடியும் ஆட வருதல்.

2013இல் வெளிவந்த அக்கையேடு மற்றொரு மாற்றத்தையும் செய்தது. அதுவரை உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாமை என்னும் பிரிவில் இருந்த சூதாட்டத்தை மது, போதைப்பொருள் ஆகியவற்றோடு சேர்த்து அடிமைநிலைக் கோளாறுகளின் வரிசையில் வைத்தது. திருக்குறளில் ‘கள்ளுண்ணாமை’ 93ஆம் அதிகாரம், ‘சூது’ 94ஆம் அதிகாரம். இரண்டுக்கும் உறவு உண்டு என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. எனினும், குடிக்கு அடிமையானவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம் என்று இன்று பலர் ஒப்புக்கொள்கின்றனர். சூதுக்கு அடிமையானவருக்கு அறிவுரையும் வசவும் மட்டுமே கிடைக்கின்றன.

இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் ‘சூது’ என்னும் சொல்லே புழங்குவதில்லை. அங்கே கேம் இருக்கிறது, ஃபேன்டசி டீம் இருக்கிறது, கான்டெஸ்ட் இருக்கிறது. 1968இல் ரம்மி பெரும்பாலும் திறன்சார்ந்த ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் கூறியது, சூதாட்ட விடுதிகள் பற்றிய ஒரு குற்றவழக்கில். திறனா, அதிர்ஷ்டமா என்னும் அந்தச் சட்டப் பிரிவினை பிற்காலத்தில் விளம்பர மொழியாக உருமாறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறன், அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றித் தடைசெய்தது. தடை ஆட்டத்தை நடத்துபவரைத் தடுக்கலாம்; ஆடியே தீரவேண்டும் என்னும் உந்துதலைத் தடை குணப்படுத்தாது. செயலி மறைந்தால் அயல்நாட்டு இணையதளம், அதுவும் இல்லையேல் கிரிக்கெட் பந்தய முகவர், மட்கா, லாட்டரி என்று அது வேறு வழி தேடும்.

‘டிரேடிங்’ என்ற சொல்லும் இங்கே கருதத்தக்கது. எஃப் அண்டு ஓ வணிகம் சட்டப்படி சூது அன்று. ஆனால், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாகச் செபி 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அங்கும் நட்டத்தைத் துரத்தி, கடன் வாங்கி, அதை மறைத்துப் பொய் சொல்லும் நிலை வரலாம். பெயர் மரியாதைக்குரியதாக இருப்பதால் அறிகுறிகளைக் கண்டுகொள்வது இன்னும் கடினமாகிறது.

படித்தவர் இதில் சிக்கமாட்டார் என்பது கல்விப்புலத்தின் தனித்த மயக்கம். நிகழ்தகவு தெரிந்திருப்பது அறிவு. ஆட்டம் இயங்குவதோ எதிர்பார்ப்பின்மீது. எப்போது வரும் என்று தெரியாத பரிசே ஒரு செயலை விடாது செய்யவைக்கும் என்பதைப் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. நூலிழையில் தவறிய தோல்வி, தோல்வியாக அன்றி ‘அடுத்தமுறை கிடைத்துவிடும்’ என்னும் வாக்குறுதியாக மனத்தில் பதிகிறது. தன் பகுப்பாய்வுத் திறன்மீது நம்பிக்கையுள்ள மாணவர், தோல்வியைத் திருத்தத்தக்க பிழையாக எண்ணி மேலும் ஆடக்கூடும்.

குடிப்பவரிடம் வாடை உண்டு, தள்ளாட்டம் உண்டு. சூதாடுபவரிடம் கைப்பேசி மட்டுமே உண்டு. அது எல்லாரிடமும் உண்டு. ஆகவே அறிகுறிகளைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. அதே கிளர்ச்சிக்காகப் பணயத் தொகையைக் கூட்டிக்கொண்டே போதல், குறைக்க முயலும்போது அமைதியின்மையும் எரிச்சலும் தோன்றுதல், நிறுத்தப் பலமுறை முயன்று தோற்றல், எந்நேரமும் அதே நினைவாக இருத்தல், மனம் சோர்ந்தபோதெல்லாம் ஆட்டத்தை நாடுதல், விட்டதைப் பிடிக்கத் திரும்புதல், பொய் சொல்லுதல், உறவையோ வேலையையோ படிப்பையோ பணயம் வைத்தல், நெருக்கடியிலிருந்து மீளப் பிறர் பணத்தை நம்பியிருத்தல். ஓராண்டுக்குள் இவற்றுள் நான்கேனும் இருந்து, பித்துநிலை போன்ற வேறு உளநோயால் அவை விளையவில்லை எனில், அது கோளாறு எனப்படும். அதை உறுதிசெய்வது மருத்துவரின் பணி.

நண்பருக்கும் பேராசிரியருக்கும் இரண்டு கேள்விகள் போதும். 1997 முதல் ஆய்வுலகில் பயன்பட்டுவரும் சுருக்க வினாநிரலும் இவ்விரண்டையே கேட்கிறது: பணயப் பணத்தை மேலும் மேலும் கூட்டவேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொல்லவேண்டி வந்ததுண்டா? ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்பது விடையானால், அடுத்த அடி மருத்துவரை நோக்கியதாக இருக்கவேண்டும்.

ஆய்வு மாணவருக்குத் தனி இடர் ஒன்று உண்டு. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது மாதந்தோறும் வந்தால் வாழ்வதற்கான பணம். பல மாதங்கள் தாமதித்து மொத்தமாக வந்தால், இடைக்காலக் கடனைத் தீர்க்கவேண்டிய பணம். ஆடுபவர் கையில் அது விட்டதைப் பிடிப்பதற்கான முதலாகவும் ஆகிவிடுகிறது. அது தீர்ந்தபின் கடன் செயலி, அதன்பின் மிரட்டல். கடனும் அவமானமும் ஒன்றுசேரும் இவ்விடத்தில்தான் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறது. அதைப் பற்றி நேராகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடாது. பேசுவதற்கு ஒரு வாயிலைத் திறக்கும்.

உதவி இருக்கிறது. நடுவண் அரசின் டெலி-மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவை தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இருபத்துநான்கு மணிநேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வேற்றுமாநிலத்தில் பயிலும் தமிழ் மாணவர், தன் துயரை ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இயங்கும் ‘ஷட்’ கிளினிக் தொழில்நுட்பம் சார்ந்த அடிமைநிலைகளுக்கானது. தில்லி எய்ம்ஸில் நடத்தைசார் அடிமைநிலைகளுக்கான கிளினிக் உண்டு. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவை அணுகலாம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் ஊக்கமூட்டும் உரையாடலும் இதற்குப் பயன்படுகின்றன. கடன் செயலியின் இணைய மிரட்டலுக்கு 1930 என்னும் எண்ணில் புகார் அளிக்கலாம். சிகிச்சைத் தகவல் வெளியாகிவிடுமோ என்ற அச்சத்திற்கு, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 வழங்கும் இரகசியக் காப்புரிமை விடையளிக்கிறது. 2025ஆம் ஆண்டுச் சட்டமும் நடத்துபவரையும் விளம்பரப்படுத்துபவரையும் பணப்பரிமாற்றத்திற்குத் துணைநிற்பவரையுமே தண்டிக்கிறது; ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை.

நண்பர்கள் செய்யத்தகாதது ஒன்று: கடனை மொத்தமாக அடைத்துவிட்டு ‘இனி ஆடாதே’ என்று சத்தியம் வாங்குவது. அந்தப் பணம் பெரும்பாலும் அடுத்த ஆட்டத்திற்கே வழிவகுக்கும். மாறாக, கடன் பட்டியலை உடனிருந்து எழுதுவது, சம்மதம் பெற்று வங்கிக் கணக்கின் பொறுப்பைச் சிறிதுகாலம் குடும்பத்தில் ஒருவரிடம் ஒப்படைக்கச் செய்வது, யுபிஐ வரம்பைக் குறைப்பது, முதல் நாள் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்வது ஆகியவை பயன்தரும்.

பல்கலைக்கழகம் மருத்துவமனை அன்று, மாணவர் வயதுவந்தவர், அவர் பணம் அவர் விருப்பம் என்று சொல்லப்படுவதுண்டு. விருப்பம் என்பது நிறுத்தமுடிந்தவரின் நிலை. நிறுத்தமுடியாமையே இந்நோயின் இலக்கணம். விடுதி அறிவிப்புப் பலகையில் ஓர் எண், ஆலோசகரின் வழக்கமான வினாக்களில் மேற்சொன்ன இரண்டு, மாதந்தோறும் உதவித்தொகை, சிகிச்சைக்குச் செல்பவருக்கு மருத்துவ விடுப்பு ஆகிய நான்கையும் கேட்பது பல்கலைக்கழகத்தை மருத்துவமனையாக்கிவிடாது.

ஆய்வேட்டின் காலக்கெடு தவறும்போது நெறியாளர் ‘ஏன் எழுதவில்லை?’ என்று மட்டுமே கேட்கிறார். அதற்கு ‘உடல்நலம் சரியில்லை’ என்று சொல்லமுடிகிறது. ‘குடியை விடமுடியவில்லை’ என்றுகூடச் சிலரால் சொல்லமுடிகிறது. ‘சூதை நிறுத்தமுடியவில்லை’ என்பதையும் நோயாளியின் சொல்லாகக் கேட்டுக்கொள்ளும் ஒரு துறை, ஓர் ஆய்வாளரையேனும் இழக்காமல் காக்கும்.