அறத்தைச் சட்டமாக்கலாமா?

குடிகளை நல்வழியில் நடத்துதல் கோன்மையின் கடமையென்று நம் முன்னோர் கருதினர். ஆயின், நல்வழி இதுவென வகுத்து, அதனின்று வழுவியோரைச் சிறைக்கு அனுப்புதலும் அக்கடமையுள் அடங்குமோ என்பது வேறு வினா. மதுவும் போதைப்பொருளும் நம் இளைஞரை நாடிவரும் இக்காலத்தில், கடுஞ்சட்டம் ஒன்று வேண்டும் என்னும் குரல் மேடைகளிலும் கோயில் வீதிகளிலும் கேட்கின்றது. அக்குரலின் பின்னுள்ள கவலை உண்மையானது. அது வேண்டும் மருந்து தக்கதோ என ஆராய்தல் கற்றோர் கடன்.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். கொலையும் களவும் அறத்துக்கு மாறானவை, சட்டத்துக்கும் மாறானவை. ஆகவே, சட்டத்துக்கும் அறத்துக்கும் தொடர்பேயில்லை என்பார் கூற்று நில்லாது. எனினும், சட்டம் அவற்றைத் தண்டிப்பது அவை பிறனொருவன் உயிரையும் உடைமையையும் அழிக்கின்றன என்பதனாலேயாம். பொறாமையும் நன்றி மறத்தலும் கொடிய பாவங்களே. அவற்றுக்கெனச் சிறைச்சாலை எழுப்புவார் இல்லை. சுதந்திரம் பற்றி 1859 இல் வெளியிட்ட நூலிலே ஜோன் ஸ்டுவட் மில் வகுத்த எல்லையும் இதுவே: பிறர்க்குத் தீங்கு வாராமற் காத்தற்கு ஒருவனை வற்புறுத்தலாம், அவனுடைய நன்மைக்காகவென்று வற்புறுத்தலாகாது. நூறாண்டு கழித்து, 1959 இல், ஆங்கில நீதிபதி பற்றிக் டெவ்லின் இதனை மறுத்தார். பொது ஒழுக்கம் சிதைந்தாற் சமுதாயமே சிதையுமாதலின் அதனைக் காக்கச் சட்டத்துக்கு உரிமையுண்டு என்பது அவர் வாதம். ஒழுக்கநெறி மாறுதல் வேறு, சமுதாயம் அழிதல் வேறு என்று ஒக்ஸ்போட் பேராசிரியர் ஹாட் அவருக்கு விடையிறுத்தார்.

நூல்வழக்கை விடுத்து நடந்தவற்றை நோக்குவோம். 1920 ஜனவரியில் அமெரிக்க ஐக்கிய நாடு மதுவின் உற்பத்தியையும் விற்பனையையும் அரசியலமைப்பினாலேயே தடை செய்தது. தொடக்கத்தில் குடி குறைந்தது உண்மையே. ஆனால், மறைவிடத்து மதுக்கூடங்கள் பெருகின. அல் கபோன் போன்றோர் கள்ள மதுவாற் செல்வராயினர். காவலர் பலர் கையூட்டுக்கு இரையாயினர். 1933 டிசெம்பரில் அத்தடை நீங்கிற்று. சென்னை மாகாணத்திலே இராஜாஜி 1937 இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939 இல் விற்பனை வரியை விதித்தார். அவருடைய நோக்கத்தின் தூய்மையை ஐயுறுவார் இல்லை. ஆயினும், 1971 இல் அந்நாட்டில் மதுக்கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. விற்பனை வரியோ அதன்பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது!

நம் நாட்டு நிலை என்ன? போயா தினங்களில் மதுக்கடைகள் மூடப்படல் வேண்டுமென்பது விதி. முதல்நாள் மாலையில் அக்கடைகளின் வாயிலில் நிற்கும் வரிசையை அறியாதார் யார்? பெண்களுக்கு மது விற்றலாகாது என்று 1979 இல் ஒரு விதி செய்யப்பட்டது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதனை நீக்க, சில நாட்களுக்குள் சனாதிபதியின் பணிப்பினால் அந்நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. ஆடவன் வாங்கினால் மதுவரியாகித் திறைசேரியை நிரப்பும் அதே போத்தல், பெண் வாங்கினால் மட்டும் ஒழுக்கக்கேடாவது எவ்வாறு? அறத்தின் பெயராற் செய்யப்படும் விதி, பெரும்பாலும் செய்தோரின் பழக்கத்துக்கே அரண் செய்கின்றது என்பதற்கு இது சான்று.

சைவர்களாகிய நாம் இதனை மறத்தலாகாது. ஒல்லாந்தர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்தவர் சட்டத்துக்கு அஞ்சித் தேவாலயஞ் சென்றனர். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்தனர். வீட்டிலோ விரதம் இருந்தனர். உண்ட இலையை அயலார் காணாதவாறு கூரையின் இறப்பிற் செருகி மறைத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. ஆட்சி மாறியதும் கோயில்கள் மீண்டும் எழுந்தன. மக்களை நன்னெறிப்படுத்துகின்றோம் என்றே அவ்வாட்சியாளரும் எண்ணினர். அவர்களின் சட்டம் விளைத்தது பத்தியை அன்று, பாசாங்கையே. பெரும்பான்மையின் ஒழுக்கத்தை எல்லார்க்கும் சட்டமாக்கும் அதிகாரத்தை இன்று நாம் அரசுக்கு வழங்குவோமாயின், நாளை அது நம் வாயிலுக்கு வரும்போது எந்த நியாயத்தைக் கூறித் தடுப்போம்?

இவ்விடத்தில் வலிய தடையொன்று எழும். "1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஒழுக்கத்தைப் பற்றியதன்றோ? அதுவும் தவறோ?" என்பர். தவறன்று, மிக வேண்டியதேயாம். ஆனால், அச்சட்டம் செய்தது யாது? சாதியின் பேரால் ஒருவனைத் தேநீர்க் கடையிலிருந்தும், கிணற்றிலிருந்தும், கோயில் வாயிலிலிருந்தும் விலக்குவதைக் குற்றமாக்கிற்று. அது விலக்குண்டவனைப் பிறர் கையினின்று காத்தது. விலக்கினவன் நெஞ்சினுள்ளே புகுந்து அன்பை ஊட்ட முயலவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, ஒடுக்கப்பட்டோர் வழிபடும் உரிமை கோரி நின்றபோது, மரபென்றும் ஆசாரமென்றும் சொல்லி வழிமறித்தோர் நம்மவரே. அன்று ஒழுக்கத்தின் பேராற் பேசியவர் தடுத்தோர். சட்டத்தின் காவலை வேண்டி நின்றவர் தடுக்கப்பட்டோர். சட்டம் பிறந்து 11 ஆண்டு கழிந்தும் கதவு தானே திறக்கவில்லை என்பதையும் நோக்குக. கதவைத் திறக்கும் உரிமையைச் சட்டம் தரலாம். உள்ளே வந்தவனை உடன்பிறந்தானென உணர்தற்கு வேறு கல்வி வேண்டும்.

வள்ளுவர் வகுத்த முறையும் சிந்திக்கத்தக்கது. செங்கோன்மையை அரசியலில் வைத்த அவர், கள்ளுண்ணாமையை அவ்வியலில் வைத்திலர். மதுவை அவரினும் கடிந்தவர் அரியர். ஆயினும், குடிப்பவனைத் திருத்த அவர் பெரிதும் நம்பியது அரசனின் கோலையன்று. மானமும் நாணமுமே அவர் கருவிகள்.

அங்ஙனமாயின் அரசு வாளாவிருத்தல் வேண்டுமோ? அன்று. மது அருந்தி வண்டி செலுத்துவோனைத் தண்டிக்க; 21 வயது நிரம்பாதார்க்கு மதுவும் புகையிலையும் விற்றலைத் தடுக்கும் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏட்டளவில் நிறுத்தாது நடத்துக; மனைவி மக்களை அடித்துத் துன்புறுத்துவோனைப் பிடிக்க; போதைப்பொருளை இளைஞர்க்கு விற்றுப் பொருளீட்டுவோனை ஒறுக்க. இவையெல்லாம் பிறர்க்கு இழைக்குந் தீங்கைத் தடுப்பன. அப்பால் உள்ளது வீட்டினதும் கோயிலினதும் கல்விக்கூடத்தினதும் நிலம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இலங்கையில் எழுந்த மதுவிலக்கியக்கம் இதற்கு வழிகாட்டும். தொண்டர்கள் ஊரூராகச் சென்று பேசினர். ஊரவர் தாமே வாக்களித்துத் தவறணைகளை மூடுவித்தனர். அங்கே சட்டம் மக்களின் துணிவுக்குத் துணை நின்றது. துணிவு மக்களிடமே பிறந்தது.

சட்டம் கேட்போருட் பலர் தம் கடமையைப் பொலிசாரிடம் ஒப்படைக்கவே கேட்கின்றனரோ என்னும் ஐயம் எனக்குண்டு. மகனோடு மாலையில் ஒரு நாழிகை பேசாத தந்தைக்கும், மாணவன் முகவாட்டத்தைக் கவனியாத ஆசிரியர்க்கும், விழாவுக்கு மட்டும் கல்லூரியை நினைக்கும் பழைய மாணவர்க்கும், புதிய சட்டம் ஓர் எளிய ஆறுதல். ஒழுக்கத்தைப் பாராளுமன்றத்திலே தேடுவதினும் ஒரு மாணவனின் அருகிலே சென்றமர்தல் கடினம். பயனோ அதனிலேயே உண்டு.

மாணவ இளவல்களே, அஞ்சி அடங்கியவனும் அறிந்து அடங்கியவனும் பார்வைக்கு ஒருவரே போல்வர். காவலன் அகன்ற பின்னரே வேற்றுமை புலப்படும். காவலன் இல்லாத இடத்திலும் நேரிய நடையுடையோரை ஆக்குதற்கே இக்கல்லூரி எழுந்தது. அப்பணியை எச்சட்டமும் அதற்காகச் செய்துதராது.