பயணம் சொல்ல வருகிறவர்கள்

ஹஜ்ஜுக் காலம் நெருங்கினால் என் கைபேசி ஓயாது. "ஹஜ்ஜுக்குப் போகிறேன். அறிந்தோ அறியாமலோ தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், துஆச் செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும். இந்த வருஷம் ஒரே வாசகம், எழுத்துப் பிழையோடு, நாலு பேரிடமிருந்து வந்தது. அதில் ஒருவரை நான் பார்த்ததுகூடக் கிடையாது. அவர் எனக்கு என்ன தவறு செய்திருக்க முடியும்? வயசானவன் குறை சொல்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, இது எனக்குச் சரியாகப் படவில்லை.

காரைக்காலில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில், ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ரயிலில் பம்பாய் போய், அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறுவார்கள். போய்வர மாதக்கணக்காகும். திரும்பி வருவோமா என்பது நிச்சயமில்லை. அதனால் வீடு வீடாகப் 'பயணம் சொல்ல' வருவார்கள். வரப்புத் தகராறில் வாப்பாவோடு நாலு வருஷம் பேசாமலிருந்த ஒருவர் அப்படி எங்கள் திண்ணைக்கு வந்தார். "வரப்பை அளந்து கல் நட்டுவிட்டுத்தான் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் நானா" என்றார். வாப்பா பதில் சொல்லாமல் உள்ளே போய் உம்மாவிடம் தேத்தண்ணி போடச் சொன்னார்கள். முதலில் கல், பிறகு மன்னிப்பு. அந்த வரிசைதான் முக்கியம்.

ஏற்கப்பட்ட ஹஜ்ஜை முடித்தவர் அன்று பிறந்த பாலகனைப்போலத் திரும்புகிறார் என்று நாயகம் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மனிதருக்கு மனிதர் பட்ட கடன் அதில் கழிந்துவிடாது. உலமாக்கள் இதை 'ஹக்குல் இபாத்' என்பார்கள். கடனோ, அமானிதமோ, செய்த அநியாயமோ, உரியவரிடம் தீர்த்தாக வேண்டும். அதனால்தான் கிளம்பும் முன்பே கணக்கை முடிக்கச் சொல்கிறார்கள்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. 2011இல் நான் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது ஒரு காகிதத்தில் பெயர்கள் எழுதினேன். கடைசியாக எழுதியது ஒரு விதவையம்மாவின் பெயர்.

1987இல் அவருடைய குடும்ப ஓய்வூதியக் கோப்பு என் மேசைக்கு வந்தது. மேரியில் பதிந்த கல்யாணச் சீட்டில் புருஷன் பெயர் பிரெஞ்சு முறையில் இருந்தது. பணிப் பதிவேட்டில் ஆங்கில முறையில் இருந்தது. 'உ' ஓசைக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து, ஆங்கிலத்தில் ஒன்று. காரைக்காலில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. இரண்டும் ஒரே பெயர்தான் என்று அந்த அலுவலகத்தில் மற்றவர்களைவிட, பிரெவே வரை படித்த எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் 'பெயர் ஒத்துப்போகவில்லை' என்று எழுதித் திருப்பினேன். லஞ்சம் கேட்கவில்லை. முதல் நாள் அந்த அம்மா என் மேலதிகாரியிடம் நேரே போய்விட்டார் என்ற கோபம், அவ்வளவுதான். கோப்பு திரும்பி வந்து முடிவதற்குப் பதினோரு மாசம் ஆனது.

பத்தாயிரம் ரூபாயை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா உறையைத் தொடவில்லை.

"எனக்குப் பட்டது போச்சு தம்பி, நான் பொறுத்துக்கிட்டேன். அந்தப் பதினோரு மாசத்துலதான் பையன் பள்ளிக்கூடத்தை விட்டான். அதை அவன்கிட்டதான் கேக்கணும்."

மகன் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். "பரவாயில்ல சார், நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் பொறுத்துக்கொண்டாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரஃபா மைதானத்தில் சாயங்காலம் கையேந்தி நின்றபோது எனக்காகக் கேட்பதற்கு முன் அவருக்காகத்தான் கேட்டேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் எனக்கு இந்தச் சங்கடமே வந்திருக்காது. அந்தப் பையன் படிப்பை விட்டதும் தெரிந்திருக்காது. 'அறிந்தோ அறியாமலோ' என்று பொதுவாக எழுதும்போது, அறிந்து செய்ததை அறியாமல் செய்ததோடு கலந்து மறைத்துவிடுகிறோம். பிரெஞ்சுப் பள்ளியில் தோள் இடித்தால் 'பர்தோன்' சொல்லிவிட்டு நடப்போமே, அதைப்போலத்தான் இதுவும்.

வெளியூரில் இருப்பவருக்கு ஃபோன் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் நடந்தது இன்னதென்று சொல்லிக் கேளுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் நேரில் போங்கள். கொடுக்க வேண்டியது இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள்.

ஹஜ்ஜுக்குப் போகாத நமக்கும் இந்த மாசம் உண்டு. பிறை கண்டதும் குர்பானி கொடுப்பவர் நகம், முடி வெட்டுவதில்லை. ஒன்பதாம் நாள் நோன்பு வைக்கிறோம். பெருநாளன்று கறியை மூன்று பங்காக்கி நமக்கு, உறவுக்கு, ஏழைக்கு என்று கொடுக்கிறோம். எல்லாம் நல்லதுதான். ஆனால் தங்கை பாகத்தை அமுக்கி வைத்துக்கொண்டு இரண்டு ஆடு அறுப்பவரையும் நான் பார்த்திருக்கிறேன். தர்மம் நம் பணத்தில் செய்வது. அடுத்தவருக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது தர்மமே ஆகாது.

ஆட்டு விலை விசாரிக்கப் போகும் முன் ஒரு காகிதம் எடுத்துப் பெயர்களை எழுதிப் பாருங்கள். எந்தப் பெயரை எழுதக் கை தயங்குகிறதோ, அந்த வீட்டுக்கு முதலில் போங்கள். எழுபதைத் தாண்டிய நமக்கு அடுத்த துல்ஹஜ் நிச்சயமில்லை.