'புதுசு' என்றால் என்ன சார்?

மீசை வைத்த மனுஷன் ராத்திரி படுக்கும் முன் முகத்தில் எண்ணெய் தடவிய கதையை எழுதப் போகிறேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். விஷயம் சீரியஸ்.

எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக ஒரே முக எண்ணெய்தான். குங்குமாதி தைலம் என்ற பழைய ஆயுர்வேதப் பெயரை ஒட்டி விற்கிற 'நைட் ஆயில்'. போன மாதம் வாங்கிய பாட்டிலில் தங்க நிற ஸ்டிக்கர்: 'புதிய, மேம்படுத்தப்பட்ட ஃபார்முலா'. நல்லதுதானே என்று தடவிய மனைவிக்கு மூன்றாம் நாளே தாடையோரம் அரிப்பு. எண்ணெயால்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால், எதை மாற்றினார்கள் என்று தெரிந்தால்தானே சந்தேகப்படவாவது முடியும்?

பழைய பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நானே சோதனை எலி ஆனேன். ஒரு வாரம் இடது கன்னத்தில் பழசு, வலது கன்னத்தில் புதுசு. எட்டாம் நாள் கண்ணாடியில் பார்த்தால், இரண்டு கன்னத்துக்கும் அதே நாற்பத்தாறு வயசுதான்.

சரி, படித்த பி.காமுக்காவது வேலை கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். பழையது 30 மில்லி, 450 ரூபாய். புதியது 25 மில்லி, 475 ரூபாய். அட்டைப்பெட்டி மட்டும் அதே சைஸ். மில்லி 15 ரூபாயாக இருந்தது 19 ஆகியிருக்கிறது. 26 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றம். மேம்பட்டது எது என்று புரிகிறதா?

அடுத்து பொடி எழுத்து. 2020-ம் வருட அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவிகிதத்துக்கு மேல் சேர்த்த பொருள்களை, அதிகம் உள்ளதில் தொடங்கி வரிசையாகப் போட வேண்டும். மற்றவற்றை அதன் பிறகு எந்த வரிசையிலும் போடலாம். பழைய பட்டியலில் முதல் நாற்காலி நல்லெண்ணெய்க்கு. இப்போது அதில் சூரியகாந்தி எண்ணெய் உட்கார்ந்திருக்கிறது. குங்குமப்பூ, வாசனைப் பொருளுக்கும் பின்னால், பட்டியலின் வாலில். பெட்டியின் முன்பக்கப் படத்தில் மட்டும் முன்னைவிடப் பெரிதாகப் பூத்திருக்கிறது!

மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. லிலியால் என்ற வாசனைப் பொருளை ஐரோப்பிய யூனியன் 2022 மார்ச்சில் அழகுசாதனங்களில் தடை செய்தது. அதைச் சேர்த்து வந்த கம்பெனிகள் ஃபார்முலாவை மாற்றித்தான் தீர வேண்டும். நியாயம். ஆனால், காரணம் எதுவானாலும் காசு கொடுக்கிறவரிடம் சொல்ல வேண்டாமா? நம் விதிகள் இன்றைய பட்டியலைக் கேட்கின்றன. நேற்று இருந்ததில் எது போயிற்று என்று கேட்பதில்லை. தங்க ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்த கைக்கு, 'இதைச் சேர்த்தோம், இதை எடுத்தோம்' என்று இரண்டு வரி எழுத வலிக்கிறதா?

தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை என்கிறது 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதனால், 'புதுசு' என்று ஸ்டிக்கர் பார்த்தால் பழைய டப்பாவை உடனே குப்பையில் போடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முகத்துக்குப் போகும் முன் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள்.

நான் எழுதிக் கேட்டேன். 'எங்கள் மீது நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி' என்று பதில் வந்தது. பழைய பாட்டில் மீது வைத்த நம்பிக்கையைச் சொல்கிறீர்களா, புதியதன் மீதா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன்.