பாசியின் சுவர்

நோன்புக்காலத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் கிண்ணங்களில் உறையும் கடல்பாசிக்கு உறுதி தருவது அகர். சிவப்புப் பாசிகளின் செல்சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலி அது. மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் மரிக்கொழுந்துப் பாசியின் அகர் இயல்பிலேயே கெட்டிப்படும். கஞ்சிப்பாசியின் அகர் தளர்ந்திருக்கும். பின்னதன் சங்கிலியில் சல்பேட் மிகுதி. காரக் கரைசலில் சூடாக்கினால் அதில் ஒரு பகுதி நீங்கி, சங்கிலியின் அமைப்பு மாறி, கூழ் இறுகுகிறது.

இந்த எளிய வேதிமாற்றத்துக்கு உரிய கவனத்தை நாம் தரவில்லை என்றே நினைக்கிறேன். மரிக்கொழுந்து பாறைகளிலிருந்து பறிக்கப்படுவது. 1986இல் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், பாசி எடுக்கும் பெண்கள் சட்டத்துக்கும் பசிக்கும் நடுவே நிற்கிறார்கள். அவர்களுக்கு மாற்றுத் தொழிலாக முன்வைக்கப்பட்ட கப்பாபைகஸ் வளர்ப்போ அயல்கடல் பாசியை நம்பியது. குருசடைத் தீவின் பவளங்கள்மீது அது படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர்.

கஞ்சிப்பாசி இக்கடலுக்கே உரியது. அதைக் கயிறுகளில் வளர்க்கலாம் என்பதை மண்டபத்தின் ஆய்வு நிலையங்கள் முன்பே காட்டியிருக்கின்றன. கடலுக்குள் புதிய உயிரை இறக்குவதைவிட, ஆலைக்குள் பழைய பாசியின் சுவரைத் திருத்துவது மேலல்லவா?

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. காரக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் கடலில் விடலாகாது. கூழ் இறுகுவதால் ஏறும் விலையில் ஒரு பங்கு, கயிறு கட்டி நீரில் நிற்கும் பெண்ணுக்கும் போய்ச் சேர வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில் ஆலைக்கு மட்டுமே லாபம். கரையில் எதுவும் மாறாது.