தேக்கா வடைக் கடைகளுக்கு அடுத்த கைகள் எங்கிருந்து வரும்?

தேக்கா நிலையத்தின் உணவங்காடிப் பகுதியில் வடைக் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. எண்ணெய்ச் சட்டியிலிருந்து வரும் வாசமே வழிகாட்டிவிடும். உளுந்து வடை, பருப்பு வடை, மேலே இறால் பதித்துப் பொரித்த வடை என்று எல்லாம் சுடச்சுட இருக்கும். கூடவே பச்சை மிளகாய். வடையில் ஒரு கடி, மிளகாயில் ஒரு கடி எனச் சாப்பிடும் இந்த ஊர்ப் பழக்கம் தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல. சீனரும் மலாய்க்காரரும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

இந்தச் சந்தைக்கு நீண்ட வரலாறு உண்டு. இதன் முன்னோடியான கண்டாங் கெர்பாவ் சந்தை 1915ல் எழுந்தது. இப்போதைய கட்டடம் 1982ல் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மக்கள் வழக்கில் இருந்த ‘தேக்கா’ என்ற பெயரே அதற்கு அதிகாரபூர்வமாகச் சூட்டப்பட்டது. 1970களிலும் 80களிலும் சாலையோர வியாபாரிகளைக் கூரைக்குக் கீழ் கொண்டுவந்த திட்டத்தின் விளைவுதான் தீவு முழுவதும் உள்ள உணவங்காடி நிலையங்கள். 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத கலாசார மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதில் சிங்கப்பூரின் முதல் பதிவு அதுவே.

கட்டடத்தைப் பேணுவதில் குறை சொல்ல முடியாது. 2023 ஜூலை முதல் மூன்று மாதம் மூடி, தேக்கா நிலையத்தை மேம்படுத்தினார்கள். கேள்வி சட்டிக்கு முன்னால் நிற்பவரைப் பற்றியது. சிங்கப்பூர் உணவங்காடிக்காரர்களின் இடைநிலை வயது சுமார் 60. அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, இந்த வேலையைச் செய்யாமல் இருப்பதற்காகத்தான். அதைத் தவறென்று யார் சொல்வது?

கடைகள் மூடப்படும்போது நாம் முதலில் வாடகையைச் சாடுகிறோம். ஆனால், உணவங்காடிக் கடைகளுக்கு மூலப்பொருள்தான் மிகப் பெரிய செலவு; வாடகை அதைவிட மிகக் குறைவு என்று வர்த்தக, தொழில் அமைச்சின் ஆய்வு முன்பே காட்டியது. வடைக் கடையில் இன்னொரு சுமையும் சேர்கிறது. அதுதான் கைவேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வடை 1.20 வெள்ளி என்றும் ஒரு நாளில் 500 வடை விற்பதாகவும் வைத்துக்கொள்வோம். வரவு 600 வெள்ளி. ஒரு வடையைத் தட்டிப்போட அரை நிமிடம் என்றாலும், 500 வடைக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேலாகிறது. ஊறவைப்பது, அரைப்பது, இறாலைச் சுத்தம் செய்வது, எண்ணெய் மாற்றுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் தனி. அந்த 600 வெள்ளியில் பருப்பு, எண்ணெய், எரிவாயு, வாடகை போக மிஞ்சுவதில்தான் உதவியாளருக்கும் சம்பளம் தர வேண்டும்.

சம்பளம் தரத் தயாராக இருந்தாலும் ஆள் கிடைப்பது எளிதன்று. 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் வரவழைக்க முடிகிறது. உணவங்காடிக் கடைக்கு அந்த வழி இல்லை. நெடுங்காலம் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே அங்கு உதவியாளராக அமர்த்த முடிந்தது.

2025 ஜனவரி முதல் அந்தக் கதவு சற்றே திறந்திருக்கிறது. நீண்டகால வருகை அனுமதி வைத்திருப்போரும் உணவங்காடிக் கடைகளில் உதவியாளராக வேலை செய்யலாம். நம் சமூகத்துக்கு இது பொருத்தமான மாற்றம். திருமணமாகித் தமிழகத்திலிருந்து வந்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பெண்கள் நம் குடும்பங்களில் இல்லையா? மாவின் பதம் கை வைத்தே தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் அவர்கள். அவர்களுக்கு வருமானம், கடைக்காரருக்குத் துணை என இரு தரப்புக்கும் இதில் நன்மை உண்டு.

ஆனால், உதவியாளர் கிடைப்பது வேறு, வாரிசு கிடைப்பது வேறு. கடை உரிமம் வைத்திருப்பவரே அங்கு நின்று தொழில் நடத்த வேண்டும் என்பது விதி. ஆகவே முதியவர் ஓய்வுபெறும்போது உரிமத்தை ஏற்க ஒருவர் வேண்டும். வாரிசு இல்லாத மூத்த கடைக்காரர்களிடம் புதியவர்கள் தொழில் கற்றுக் கடையை ஏற்க, தேசிய சுற்றுப்புற வாரியம் 2022 முதல் ஒரு திட்டத்தை நடத்துகிறது. நம் சமூக அமைப்புகள் அதை இளையர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். வணிகம் படித்த ஒருவரும், நன்றாகச் சமைக்கத் தெரிந்த அவர் தாயோ மனைவியோ சேர்ந்தால் ஒரு கடை பிழைக்கும்.

வாடிக்கையாளர்களான நமக்கும் இதில் பங்குண்டு. மற்ற இடங்களில் ஒரு கோப்பைக் காப்பிக்கு ஆறேழு வெள்ளி கேட்டாலும் பேசாமல் கொடுக்கிறோம். வடை 20 காசு ஏறினால் முகம் சுளிக்கிறோம். பொருள், சேவை வரி 2024ல் 9 விழுக்காடானபோது மாவும் எண்ணெயும் அதற்கேற்ப ஏறின. ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளிக்குக் குறைந்த, வரிக்குப் பதிவு செய்யாத சிறு கடைகள் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது. விலையை உயர்த்தாவிட்டால் அது அவர்கள் கையிலிருந்துதான் போகும்.

பட்டியலில் இடம்பெற்றதால் மட்டும் எந்தப் பலகாரமும் அடுத்த தலைமுறைக்கு வந்துவிடாது. அதைச் செய்பவருக்குப் பிழைப்பு நடக்க வேண்டும். தேக்கா வடை தொடர்வதற்கு விதிகள் ஓரளவு வழிவிட்டிருக்கின்றன. நியாயமான விலையைக் கொடுக்க நாமும், தொழிலை ஏற்க இளையர் சிலரும் முன்வந்தால் மீதி நடக்கும்.