அடுத்த மருந்து இருக்கிறதே என்று இருந்தோம்

டைபாய்டுக்கு 1948-இல் குளோராம்பெனிக்கால் கிடைத்தது. மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்கியதும், குடிநீரையும் சாக்கடையையும் சரிசெய்யும் அவசரம் நமக்குப் போய்விட்டது. 1972-இல் கோழிக்கோட்டில் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. பக்கத்து மாநிலத்துச் செய்தியாக அதைக் கடந்துபோனோம். ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் என்று தாவினோம். 1990-களில் மூன்றுக்கும் ஒருசேர அடங்காத கிருமி நாடெங்கும் இருந்தது. பிறகு சிப்ரோ எனும் சிப்ரோஃப்ளாக்சசின். அதைச் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும்கூட வாரி விழுங்கினோம். இன்று இந்தியாவின் டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை சிப்ரோவுக்கு மசிவதில்லை. ஒவ்வொரு முறையும் மருந்தை மாற்றினோம். சாக்கடைக்குள் கிடந்த குடிநீர்க் குழாயை மாற்றச் சொல்லி எத்தனை தெருக்களில் குரல் கொடுத்தோம்?

பரிசோதனையில் நம் அலட்சியம் இன்னும் பெரிது. இரண்டு நாள் காய்ச்சலுக்கே விடால் டெஸ்ட் எடுத்து, "லேசா டைபாய்டு இருக்காம்" என்று வீட்டுக்கு வருகிறோம். விடால் கிருமியைத் தேடுவதில்லை. உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது. என்றோ வந்துபோன தொற்றும், வேறு காய்ச்சலும்கூட அதில் பாசிட்டிவ் காட்டக்கூடும். கிருமி இருக்கிறதா, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்வது ரத்தக் கல்ச்சர். முடிவு வரச் சில நாள் ஆகும், செலவும் கூடுதல். அந்தப் பொறுமை நமக்கு இல்லை. மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டை நீட்டினோம். டைபாய்டுக்குத் தரும் செஃபிக்சிம் போன்ற மருந்துகளை விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது. அதன்படி புதுச் சீட்டு கேட்ட கடைக்காரரிடம் சண்டைக்கு நின்றோம். காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை அடுத்தவருக்கென்று அலமாரியில் வைத்தோம். மருந்து உள்ளே போனபின் கல்ச்சர் எடுத்தால், பல நேரம் கிருமி வளர்வதே இல்லை.

2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாண ஹைதராபாத்தில் ஐந்து வகை மருந்துகளை மீறிய டைபாய்டு கிளம்பியது. ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோனும் பலிக்கவில்லை, வாய்வழி மருந்தில் அசித்ரோமைசின்தான் மிஞ்சியது. 2019-இல் அந்த நாடு டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியைக் குழந்தைகளின் வழக்கமான அட்டவணையில் சேர்த்தது. அந்த ஊசி தயாரானது நம் ஹைதராபாத்தில். இங்கே நம்மில் வசதி உள்ளவர்கள் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டோம், மற்றவர்களுக்காகக் கேட்கவில்லை.

நாம் கைவிட்டு வைத்த குளோராம்பெனிக்காலுக்கு இன்று பல கிருமிகள் மறுபடி அடங்குகின்றன. இழந்த மருந்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும் என்பதற்கு அது சான்று. அடுத்த காய்ச்சலில், முதல் மாத்திரைக்கு முன்பே, கல்ச்சர் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எழுதிக்கொடுத்ததை முழுதாகச் சாப்பிடுங்கள். உங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்தால், அன்றைக்கே புகார் எழுதுங்கள்.