என் நோட்டைப் படிக்க நீங்கள் யார்?

கதையில் வருகிற அந்த ஆள் யார் என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன். யாருமில்லாமல் இப்படியெல்லாம் எழுத வருமா என்றார்கள். பெரிய மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் நோட்டிலிருந்து சத்தமாக வாசித்தார். கொழுந்தன், நாத்தனார் வீட்டுக்காரர், என் கூடப்பிறந்த அண்ணன், பஞ்சாயத்துக்கென்று கூப்பிட்டு வந்த ஊர்ப் பெரியவர்கள், எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நான் அடித்துவிட்டிருந்த வரிகளைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்தார். வேண்டாமென்று நானே அடித்துப் போட்ட வரிகள்! அதற்கும் நான் பதில் சொல்ல வேண்டுமாம்.

அன்றைக்கு என்னை நாலு அடி அடித்திருந்தால்கூட உடம்பு இப்படிக் கூசியிருக்காது.

அந்த நோட்டு அம்மா வீட்டுப் பரணில், பித்தளை அண்டாவுக்குள் கிடந்தது. அங்கே இருப்பது என்னைத் தவிர ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்திதான் எடுத்துக் கொடுத்தாள். "உன் வாழ்க்கை நல்லா இருக்கணும்னுதான்டி கொடுத்தேன்" என்றாள். எதைக் கொடுத்து எதை நல்லாக்கினாய் அம்மா? அண்ணன் எத்தனை கடன் வாங்கினான், யாரோடு சுற்றினான், அவனுடைய பெட்டியை ஒருநாளாவது யாராவது திறந்து பார்த்தீர்களா?

அதற்கு முந்தியே போனில் ஆரம்பித்துவிட்டது. ராத்திரி நான் தூங்கிய பிறகு என் கட்டை விரலைத் தூக்கி வைத்துப் போனைத் திறந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். ஒரு ராத்திரி விழிப்பு வந்துவிட்டது. என் கை அவர் கையில் இருந்தது. அரைத் தூக்கத்தில், பாசமாகப் பிடித்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஐயோ, அப்படி நினைத்த அந்த ஒரு நொடியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? பிறகுதான் தெரிந்தது, என் வாட்ஸ்அப் முழுக்க அவருடைய கம்ப்யூட்டரிலும் திறந்து கிடந்திருக்கிறது. என் தோழி தன் கரு கலைந்ததை எனக்கு எழுதியிருந்தாள். வேறு யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாள். அதையும் அவர் படித்திருக்கிறார். அவள் இவருக்கு என்ன கெடுதல் செய்தாள்?

மறைக்க ஒன்றுமில்லை என்றால் காட்ட வேண்டியதுதானே என்கிறார்கள். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். குளிக்கப் போகும்போது கதவைத் தாழ்ப்பாள் போடுகிறோமே, உள்ளே திருட்டா நடக்கிறது?

பத்திரிகையில் வந்த கதையையும் புனைபெயரில்தான் எழுதினேன். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று போன் போட்டுக் கேட்டவரிடம் என் சொந்தப் பெயரையும் தெருவையும் சொல்லிக் கொடுத்தார் பத்திரிகையில் இருந்த ஒருவர். கேட்டது புருஷன் என்றதும் சொல்லிவிட்டாராம். புருஷன் என்றால் சொல்லலாமா? ஐயா, மேடையில் நீங்கள் கருத்துச் சுதந்திரம் பேசியதைக் கேட்டுக் கைதட்டியவள் நான். நம்பித்தானே அந்தக் கதையை உங்களுக்கு அனுப்பினேன்?

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் எப்படியோ தொலையட்டும் என்று இருந்திருப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ராசசுந்தரி தேவி என்றொரு குடும்பப் பெண் ஒரே ஒரு ஏட்டைச் சமையலறையில் ஒளித்து வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் எழுத்துக்கூட்டிப் படித்தார். அவருடைய சுயசரிதை 1876-இல் வந்தது. துவரங்குறிச்சியில் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், கல்யாணமான பிறகு ராத்திரிகளில் குளியலறையில் நின்றபடி எழுதி, சல்மா என்ற வேறு பெயருக்குள் மறைந்துகொண்டுதான் கவிஞரானார். அன்றைக்குச் சமையலறை, பிறகு குளியலறை, எனக்குப் பரண். இன்னும் எத்தனை தலைமுறைக்கு நாங்கள் ஒளிக்க இடம் தேடிக்கொண்டே இருப்பது? 2002-இல் குட்டி ரேவதி 'முலைகள்' என்று தன் கவிதைத் தொகுப்புக்குப் பெயர் வைத்தபோது கொதித்தவர்கள் எத்தனை பேர்! பெண் எழுதினால் அது கவிதையாகவே இருக்க முடியாதா? வாக்குமூலம்தானா?

ஆண் எழுதினாலும் விட்டார்களா? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்த நாவல். பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஊர் வாயில் படுகிற பாடு அதில் இருக்கிறது. நாலு வருஷம் கழித்து அதில் சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்களைக் கேவலப்படுத்திவிட்டான் என்று திருச்செங்கோட்டில் கடையடைத்தார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் உட்கார வைத்து மன்னிப்பு வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று பெருமாள்முருகன் தன் சாவைத் தானே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்பு சொன்னது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடு, படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. என் நோட்டை யார் இவர்களைப் படிக்கச் சொன்னது? அச்சில் வராத, யாருக்கும் காட்டாத ஒன்றைப் பரண் ஏறி எடுத்துப் படித்துவிட்டு, மனசு புண்பட்டுவிட்டது என்கிறார்களே!

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். நானும் நம்பினேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு. மனைவியின் கால் லிஸ்டை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்து நின்றான் ஒரு கணவன். அதை ஆதாரமாக ஏற்க முடியாது, கணவன் மனைவிக்கு நடுவிலும் அந்தரங்கம் உண்டு என்று நீதிபதி எழுதினார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், கணவன் ரகசியமாகப் பதிவு செய்த மனைவியின் பேச்சை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கிற நிலை வந்துவிட்டால் அந்தத் தாம்பத்தியம் ஏற்கனவே உடைந்துபோனதற்கு அதுவே அடையாளம் என்றது. சரி, உடைந்ததுதான். உடைத்தது யார்? வேவு பார்த்தவர் கையிலேயே அதை ஆதாரமென்று திருப்பிக் கொடுத்தால், பார்க்கப்பட்டவள் எங்கே போவாள்? அடி வாங்குகிற பெண்ணுக்கும் இப்படி ஒரு பதிவு உதவுமே என்று சொல்கிறவர்கள் உண்டு. உதவட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் யாருடைய போனுக்கு யாரிடம் பாஸ்வேர்டு இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் கதைகளை ஜெராக்ஸ் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கோடு போட்டு, என் நடத்தைக்கு ஆதாரம் என்று என் பிள்ளைக்காக நடக்கிற வழக்கில் சேர்த்திருக்கிறார்கள். கதையில் ஒருத்தி மொட்டை மாடியில் யாரையோ நினைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் நான்தானாம். அதனால் பிள்ளையை என்னிடம் விடக்கூடாதாம். இந்தக் கதையை நான் எழுதவில்லை என்று சொல்லிவிடுங்கள், பிள்ளை உங்களிடம் வந்துவிடும் என்கிறார் என் வக்கீல். நல்ல மனுஷர். என் நன்மைக்குத்தான் சொல்கிறார். எல்லோரும் என் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள்! பிள்ளையா எழுத்தா என்று ஒரு தாயைக் கேட்கலாமா? எந்த ஆணிடமாவது இதைக் கேட்டிருக்கிறீர்களா?

சொல்ல மாட்டேன். நான்தான் எழுதினேன். பிள்ளையும் என்னுடையவள்தான். எழுதுகிறவர்களே, கதை வேறு வாக்குமூலம் வேறு என்பது உங்களுக்குத் தெரியாததா? அடுத்த வாய்தா வருகிறது. கூண்டேறி அதைச் சொல்ல உங்களில் யார் வருகிறீர்கள்?